காட்டுத் தீயும் காவலர் கல்வியும்

செய்தியொன்று விரைந்து பரவுவதைக் காட்டுத்தீப் போலப் பரவியது என்று கூறுதல் தமிழ் வழக்கு. இவ்வழக்கை நாள்தோறும் எடுத்தாள்வோருட் காட்டுத்தீயை நேரிற் கண்டோர் மிகச் சிலரேயாவர். மூங்கிலோடு மூங்கில் உரசுதலால் அத்தீப் பிறக்கும் என்பது பழைய நூல்களிற் பயின்றுவரும் கருத்து. கண்ணனும் அருச்சுனனும் துணைநிற்க அக்கினிதேவன் காண்டவ வனத்தை உண்ட வரலாற்றைப் பாரதம் விரிக்கின்றது. ஆயின் வனவியலார் காடுகள் எரிந்த காரணங்களை ஆண்டுதோறும் பதிந்து ஆராய்ந்தவிடத்து, மூங்கிலின் பங்கு அரிதாகவே தோன்றிற்று. மின்னல் ஒருபுறமிருக்க, உலகின் பெரும்பாலான பகுதிகளிற் காட்டுக்குத் தீ வருவது மனிதன் கையினின்றேயாம். மேய்ச்சற் புல்லுக்காக இட்ட தீ, சேனைக்காக இட்ட தீ, அணைக்காது விட்ட அடுப்பு, எறிந்த சுருட்டுத் துண்டு என அதன் பிறப்பிடங்கள் பலவாகும்.

காடு காக்கும் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞனுக்கு முதற்கண் கற்பிக்கப்படுவது தீயை அணைக்கும் வகையன்று. தீ என்பது யாது என்பதேயாம். எரிபொருள், வெப்பம், ஒட்சிசன் ஆகிய மூன்றும் ஒருங்கு கூடியவிடத்தே தீ உளதாம். அவற்றுள் ஒன்று நீங்கின் அது இலதாம். இம்மூன்றையும் ஒரு முக்கோணத்தின் பக்கங்களாக வரைந்து காட்டுதல் ஆசிரியர் மரபு. இதனை மனப்பாடஞ் செய்தல் எளிது. இதிலிருந்து பெறப்படுவதை உணர்தலே அரிது. மரம் மரமாகவே எரிவதில்லை. வெப்பம் பட்டவிடத்து முதலில் அதன் ஈரம் ஆவியாகின்றது, பின்னர் மரப்பொருள் சிதைந்து எரியத்தக்க வாயுக்களை வெளிவிடுகின்றது, அவ்வாயுக்களே சுவாலையாகின்றன. ஆகவே எரிந்துகொண்டிருக்கும் மரத்தினும், அதன் அருகே இன்னும் எரியாது வெப்பத்தை வாங்கிக்கொண்டிருக்கும் மரமே காவலனின் கவனத்துக்கு உரியது.

யாழ்ப்பாணத்து அடுப்படியை அறிந்தோர்க்கு எரிபொருளின் வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. காவோலையும் பன்னாடையும் தீக்குச்சி பட்டவுடன் பற்றும். கொள்ளிக்கட்டை ஆறுதலாகப் பற்றி நெடுநேரம் கனலும். இந்த வேறுபாட்டையே வனத்தீ அறிவியலார் அளவிட்டுரைத்தனர். கால் அங்குலத்துக்குக் குறைந்த தடிப்புள்ள புல்லும் சுள்ளியும், காற்றின் ஈரம் மாறியவிடத்து, ஏறத்தாழ ஒரு மணி நேரத்துள் அம்மாற்றத்துக்கு இணங்கிவிடும். ஓர் அங்குலம் முதல் மூன்று அங்குலம் வரையுள்ள கிளைகளுக்கு 100 மணி நேரமும், அவற்றினும் பருத்த மரங்களுக்கு 1,000 மணி நேரமும் ஆகுமெனக் கொள்வர். இதன் பயன் யாதெனின், காலையில் மழை பெய்த காட்டிலும் மாலையிற் புல் எரியலாம் என்பதாம். நேற்று நனைந்த காடு இன்று எரியாது என்று நம்பி ஏமாந்தவர் பலர்.

எரிபொருளுக்கு அடுத்தது வானிலை. காற்று தீக்கு ஒட்சிசனை ஊட்டுவதோடு சுவாலையை முன்னோக்கிச் சாய்த்து, எரியாத பொருளை அதன் கீழ்ப்படுத்துகின்றது. கனலும் பட்டைகளையும் கூம்புகளையும் தூக்கிச் சென்று தீயின் எல்லைக்கு அப்பால் எறிகின்றது. சாரீரப்பதன் பகலிற் குறைந்து இரவிற் கூடும். ஆதலாற் பிற்பகலிற் சீறிய தீ விடியற்காலையிற் பதுங்கிக் கிடக்கும்; அதனை வெல்லும் வேளையும் அதுவே.

மூன்றாவது நிலத்தின் சரிவு. மலைமேல் ஏறும் மனிதன் ஏற ஏற இளைக்கின்றான். தீயோ ஏறுந்தோறும் வலிமை பெறுகின்றது. சரிவிலே சுவாலை மேலுள்ள புல்லுக்கு அணித்தாகின்றமையால், கதிர்வீசலாலும் மேற்காவுகையாலும் வெப்பம் முன்கூட்டியே அப்புல்லை உலர்த்திவிடுகின்றது. சரிவு 10 பாகை கூடுந்தோறும் மேலேறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது ஆஸ்திரேலிய ஆய்வாளர் அலன் மக்காதர் வகுத்த விதி. பகலில் வெயில்பட்ட மலைச்சரிவிற் காற்றும் மேல்நோக்கியே வீசுமாதலின், சரிவும் காற்றும் ஒன்றுகூடுமிடத்து அத்தீக்கு மேலே நிற்பவன் தன் நிலையை ஆராயாது ஒரு கணமும் நிற்றலாகாது.

இனி, தீயை எதிர்க்கும் முறை. பரவும் தீக்குத் தலையும், இரு விலாக்களும், அடியும் உண்டெனப் பெயரிட்டு வழங்குவர். விரைந்து முன்செல்லும் பகுதி தலை. தோன்றிய இடத்தருகே மெல்ல எரிவது அடி. அனுபவமில்லாதவன் தலையை நோக்கி ஓடுவான். கற்றவனோ அடியில், ஏற்கெனவே எரிந்து தணிந்த இடத்தையோ, பாறையையோ, வீதியையோ பற்றுக்கோடாகக்கொண்டு தொடங்கி, விலா வழியே முன்னேறுவான். சுவாலை நான்கு அடிக்கு மேற்படின் கைக்கருவிகளோடு அதன் முன்னே நின்று பொருதல் இயலாது என்பது பொதுவாகக் கைக்கொள்ளப்படும் எல்லை. நான்கு அடி என்பது ஒரு சிறுவனின் உயரமே. கைக்கருவியேந்திய மனிதனின் ஆற்றல் அவ்வளவே என்று தொடக்கத்திலேயே கற்பிப்பது நல்லது.

காட்டிலே தண்ணீர் பெரும்பாலும் கிடைப்பதில்லை. ஆகவே காவலரின் முதற்படை மண்வெட்டியேயாம். தீ வரும் வழியிற் புல், சருகு, வேர், மக்கிய இலைப்படை யாவற்றையும் நீக்கி, வெறும் மண் தோன்றும்வரை கொத்தி ஒரு வரம்பு அமைப்பர். முக்கோணத்தின் எரிபொருட் பக்கத்தை அறுப்பது இதுவே. வரம்புக்கும் தீக்கும் இடையே எஞ்சிய புல்லைத் தாமே எரித்துத் தீர்ப்பதும் உண்டு. இத்தொழிலுக்கு இன்று பல நாடுகளிலும் பயன்படும் கருவியொன்றுக்கு ஒருபுறம் கோடரியும் மறுபுறம் கொத்தும் அமைந்திருக்கும். அதன் பெயர் புலாஸ்கி. அப்பெயர் வந்த வரலாறு கூறத்தக்கது.

1905இல் ஐக்கிய அமெரிக்காவின் வனச் சேவை நிறுவப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில், 1910 ஆகஸ்ட் 20, 21 ஆகிய இரு நாட்களில், ஐடகோ, மொன்டானா மாநிலங்களிற் புயற்காற்றோடு கூடிய தீ ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் காட்டை அழித்தது. 80க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தீயணைக்கச் சென்றவர். எட்வேர்ட் புலாஸ்கி என்னும் வன அதிகாரி ஏறத்தாழ 45 பேரைக் கைவிடப்பட்ட சுரங்கமொன்றுட் புகுத்தி, புகைக்கு அஞ்சி வெளியே ஓட முயன்றோரைக் கைத்துப்பாக்கி காட்டி மறித்து, அவர்களுட் பெரும்பாலோரைக் காத்தார். கோடரியும் கொத்தும் ஒன்றாய கருவியைப் பிற்காலத்திற் பரப்பியவர் அவரே.

வரம்பு முடிந்தவுடன் தொழில் முடிந்ததென எண்ணுதல் புதியவரின் பிழை. சுவாலை மறைந்த பின்னரும் வேர்களின் உள்ளும் விழுந்த மரங்களின் அடியிலும் கனல் பல நாள் உறங்கும். அதனைத் தேடும் முறை மிக எளியது: கையுறையைக் கழற்றிப் புறங்கையைச் சாம்பலருகே கொண்டுசென்று சூடு உளதா என்று காண்டல். சூடுள்ள இடத்தைக் கொத்திப் புரட்டி, மண்ணோடு கலந்து, மீண்டும் தொட்டுப் பார்ப்பர். இதிற் புகழ் ஏதுமில்லை. புழுதியும் சலிப்புமே உண்டு. ஆயினும் அணைந்துவிட்டதாகக் கருதப்பட்ட தீக்கள் மறுநாட் காற்றில் மீண்டெழுந்து விளைத்த கேடுகளை நோக்குமிடத்து, தீத் தொழிலின் நேர்மை இப்பகுதியிலேயே விளங்கும் எனலாம்.

மேற்கூறிய அறிவெல்லாம் ஆய்வுகூடத்தில் மட்டும் பிறந்ததன்று. அதன் பெரும்பகுதி உயிர்கள் கொடுத்துப் பெறப்பட்டது. அவற்றுள் மிகவும் ஆராயப்பட்டது 1949 ஆகஸ்ட் 5ஆம் நாள் மொன்டானாவில், மிசூரி ஆற்றங்கரையிலுள்ள மேன் கல்ச் என்னும் செங்குத்தான பள்ளத்தாக்கில் நிகழ்ந்ததாகும்.

வீதியில்லாத காடுகளில் மின்னலால் எழும் தீயைச் சிறிதாயிருக்கும்போதே அணைத்தற்கெனப் பரசூட் மூலம் இறங்கும் படையொன்றை வனச் சேவை அமைத்திருந்தது. 1940இல் முதன்முதல் தீயொன்றினருகே அவ்வீரர் இறங்கினர். மேன் கல்ச்சில் இறங்கியவர் பதினைவர். அவர்களுட் பலர் கோடை விடுமுறையில் ஊதியத்துக்காக வந்த கல்லூரி மாணவர். சிலர் உலகப் போரிற் பணிசெய்து மீண்டவர். ஒருவருக்குப் பதினேழு வயதே நிரம்பியிருந்தது. தலைவரான வாக்னர் டொட்ஜ் முப்பத்துமூன்று வயதினர். அன்று அருகிலுள்ள ஹெலினா நகரில் வெப்பம் 97 பாகை பரனைற்று. பிற்பகல் 4 மணியளவில் அவர்கள் குதித்தபோது, வானொலிக் கருவியைத் தாங்கிய பரசூட் விரியாமையால் அக்கருவி நிலத்தில் விழுந்து நொறுங்கிற்று. அண்மையிலிருந்த காவலனொருவன் அவர்களுடன் வந்து சேர, அனைவரும் பதினறுவராயினர்.

தீ பள்ளத்தாக்கின் தென்புற மேட்டில், மரங்களிடையே எரிந்துகொண்டிருந்தது. அதன் அருகே நிற்றல் தகாதெனக் கண்ட டொட்ஜ், குழுவினரை வடபுறச் சரிவுக்குக் கடந்து, அதன் வழியே ஆற்றை நோக்கி இறங்குமாறு பணித்தார். இம்முடிவிற் பிழை காண்டல் அரிது. ஆற்றை அடைந்தால் தீக்குப் பின்புறமாகத் தொழிலைத் தொடங்கலாம். இடர் நேரின் நீரும் உண்டு. ஆயின் அவர்கள் இறங்கிக்கொண்டிருக்கையில், கனற்றுண்டுகள் பள்ளத்தாக்கின் வாயைத் தாண்டி வடபுறத்தில் விழுந்து பற்றின. மரங்களால் மறைக்கப்பட்டிருந்த அதனை டொட்ஜ் கண்டபோது தீ அவர்களுக்கும் ஆற்றுக்கும் இடையே சில நூறு அடி தொலைவில் மேலேறி வந்துகொண்டிருந்தது. அவர் குழுவினரைத் திருப்பி மலையுச்சியை நோக்கி நடத்தினார். மரம் குறைந்து, காய்ந்த புல் நிறைந்த சரிவு அது. பாரமான கருவிகளை எறிந்துவிடுமாறு கட்டளையிட்டார். கருவியை எறிதல் தீயணைப்போனுக்குத் தன் தொழிலையே எறிவது போன்றதாகையாற் சிலர் அப்போதும் தயங்கினர் என்பர்.

உச்சியை அடையமுடியாதென உணர்ந்த டொட்ஜ் செய்தது, அங்கு நின்ற எவரும் எதிர்பாராதது. தீக்குச்சியைக் கிழித்துத் தம் முன்னேயிருந்த புல்லுக்குத் தாமே தீயிட்டார். அது மேல்நோக்கி எரிந்து சென்றமையாற் பின்னே கரிந்த நிலம் ஒன்று தோன்றிற்று. அதனுட் புகுமாறு மற்றையோரைக் கூவியழைத்தார். ஒருவரும் புகுந்திலர். தலைவருக்குப் புத்தி கலங்கிற்று என்று கருதியவரும் உளர். டொட்ஜ் நனைந்த கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சாம்பலிற் குப்புறக் கிடந்தார். பெருந்தீ அவரைச் சூழ்ந்து கடந்தது. எரிதற்குப் புல் இன்மையால் அவரை அது தீண்டவில்லை. அவ்வேளை எழுந்த காற்றுத் தம்மை நிலத்தினின்று தூக்கியதாக அவர் பின்னர் உரைத்தார். ரம்சி, சலி என்னும் இளைஞர் இருவர் உச்சியிலுள்ள பாறைப்பிளவொன்றின் வழியே மறுபுறஞ் சென்று, கற்குவியலிடையே தப்பினர். எஞ்சிய பதின்மூவரும் மாண்டனர். அவர்களுள் இருவர் மறுநாள் வரை உயிர்தரித்திருந்தனர். இறந்த ஒருவரின் கைக்கடிகாரம் 5 மணி 56 நிமிடத்தில் நின்றிருந்தது. பரசூட்டிற் குதித்து இரண்டு மணி நேரமும் ஆகவில்லை.

டொட்ஜ் இட்ட தீயே மற்றையோரின் வழியை மறித்தது என இறந்தோரின் உறவினர் சிலர் வாதித்தனர். வனச் சேவையின் விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது. ஐயம் முற்றாகத் தீர்ந்ததென்று கூறவியலாது. பல்லாண்டுகள் அதனை ஆராய்ந்த நோமன் மக்லீன் என்னும் பேராசிரியரின் நூல் அவர் மறைந்த பின், 1992இல் வெளிவந்தபோதும் அவ்வினா அதில் உயிரோடேயே இருந்தது. ஆனால் ஒன்று தெளிவு. புல்வெளித்தீயிற் சிக்கியோர் தம் முன்னே தீயிட்டுத் தப்பும் முறை அமெரிக்கச் சமவெளி மக்களுக்குப் புதியதன்று. பெனிமோர் கூப்பர் 1827இல் எழுதிய நாவலொன்றிலேயே அது வருகின்றது. டொட்ஜோ அதனைக் கேள்விப்பட்டதில்லை என்றார். அவருடைய குழுவினர்க்கு அது கற்பிக்கப்படவுமில்லை. அவர்கள் பயின்றது மரக்காட்டுத் தீயை, இறந்தது புற்றீயில். முன்னர் அறியாத ஒன்றை, மரணம் பின்தொடரும் அரை நிமிடத்தில், ஒருவன் கூவியழைத்த மாத்திரத்தே ஏற்றுக்கொள்ளுமாறு இளைஞரிடம் எதிர்பார்த்தல் முறையாகாது. குறை அவர்களுடைய துணிவில் இல்லை, பாடத்திட்டத்தில் இருந்தது.

இதன் விளைவுகள் பல. தீயின் நடத்தையை ஆராய்வதில் முன்னோடியான ஹரி கிஸ்போர்ண், நோயுற்ற இதயத்தோடு அதே ஆண்டு நவம்பர் மாதம் அப்பள்ளத்தாக்கிற்குச் சென்று தடயங்களை ஆராய்ந்து திரும்புகையில் மாரடைப்பால் அங்கேயே இறந்தார். 1957இல் வனச் சேவை பத்துக் கட்டளைகளை வகுத்தது. வானிலையை அறிந்திரு, தீ என்ன செய்கின்றது என்பதை எப்போதும் அறிந்திரு, தப்பும் வழியை முன்னரே வைத்திரு என்பன அவற்றுட் சில. 1960இல் மிசூலா நகரில் வனத்தீ ஆய்வுகூடம் நிறுவப்பட்டது. அங்கே பணிபுரிந்த பொறியியலாளர் றிச்சேர்ட் றொதர்மெல் எரிபொருள், காற்று, சரிவு ஆகியவற்றிலிருந்து தீயின் வேகத்தைக் கணிக்கும் சமன்பாட்டை 1972இல் வெளியிட்டார். 1993இல் அவர் மேன் கல்ச் ஓட்டத்தை அக்கணிதத்தாற் மீளக் கட்டியமைத்து, அது வெல்லமுடியாத ஓட்டம் என்று தம் அறிக்கைக்குத் தலைப்பிட்டார். கட்டளைகள் மட்டும் போதா என்பதை 1994 யூலை 6ஆம் நாட் கொலராடோவில் ஏறத்தாழ அதே வகையிற் பதினால்வர் மாண்டமை காட்டிற்று. காவலாள், தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பிடம் என்னும் நான்கும் அமையாமல் தொழில் தொடங்கலாகாது என்று 1991இல் போல் கிளீசன் சுருக்கிச் சொன்ன விதியே இன்று புதியவன் முதலிற் கற்பதாகும்.

இவையெல்லாம் தூரதேசத்துச் செய்திகள் என்று கருதற்க. 2018 மார்ச் 11ஆம் நாள், தமிழ்நாட்டுத் தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில், மலையேற்றஞ் சென்ற குழுவினர் காய்ந்த புற்சரிவில் தீயிற் சிக்கி, 20க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். இலங்கை மலைநாட்டிற் 'பத்தனா' எனப்படும் புன்னிலங்களும், அவற்றில் நடப்பட்ட பைன் தோட்டங்களும் வறண்ட மாதங்களிற் பற்றியெரிவதும் பலர் அறிந்ததே. காய்ந்த புல், சரிவு, காற்று என்னும் மூன்றுக்கும் நாட்டு வேறுபாடு இல்லை.

தீயை எவ்வாறு அணைப்பது என்ற வினாவுக்கு அப்பால், அதனை எப்போதும் அணைக்கத்தான் வேண்டுமா என்ற வினாவும் உண்டு. வனவியலின் ஆழமான பகுதி இதுவே. 1910இன் அச்சத்தினின்று விடுபடாத வனச் சேவை, 1935இல், எங்குத் தோன்றும் தீயும் மறுநாட் காலை 10 மணிக்குள் அடக்கப்படவேண்டும் என்று விதித்தது. விதி பெரிதும் வெற்றிபெற்றது; அவ்வெற்றியே கேடாயிற்று. பொண்டரோசாப் பைன் மரத்தின் தடித்த பட்டை, அடிக்கடி நிலத்தோடு ஊர்ந்துசெல்லும் சிறுதீயைத் தாங்கவல்லது. அச்சிறுதீ வராதொழியவே, அதன் அடியிற் சருகும் இளமரங்களும் செறிந்து, தீ உச்சிக்கு ஏறும் ஏணியாயின. லொட்ஜ்போல் பைனின் பல கூம்புகள் பிசினால் மூடுண்டு, தீயின் வெப்பம் பட்டாலன்றி விதையை வெளிவிடா. இவ்வுண்மையை ஆசியாவிற் பணிபுரிந்த வனவியலார் முன்னரே கண்டிருந்தனர். பர்மாவின் ஈரத் தேக்குக் காடுகளிலும் வட இந்தியச் சால் காடுகளிலும் தீயை முற்றாக விலக்கியவிடத்து இளங்கன்றுகள் எழாமை கண்டு, முற்றான தீக்காப்பு நன்றோ என்று அவர்கள் தம்முள் வாதிட்டனர். அமெரிக்க வனச் சேவை 10 மணி விதியைக் கைவிட்டது 1978இல்.

தீயெல்லாம் நன்று என்பது இதன் கருத்தன்று. ஈரலிப்பான மழைக்காடுகளின் மெல்லிய பட்டையுள்ள மரங்கள் முழங்காலளவு தீயையும் தாங்கா. ஒருமுறை எரிந்த மழைக்காடு மறுமுறை எளிதில் எரியும். எந்தக் காடு எத்தீயோடு வளர்ந்தது என்பதை அறிந்தே முடிவு செய்தல் வேண்டும். இதனால் இன்று பல நாடுகளிற் காவலனுக்கு அணைக்கும் கருவியோடு எரிக்கும் கருவியும் கொடுக்கப்படுகின்றது. எரியும் எண்ணெயைத் துளித்துளியாகச் சிந்தும் கைவிளக்கு அது. காற்றும் சாரீரப்பதனும் குறித்த எல்லைக்குள் அமைந்த நாளொன்றைத் தேர்ந்து, வரம்பை முன்கூட்டியே வெட்டி, சரிவின் மேற்புறத்திலிருந்து தொடங்கிக் காற்றுக்கு எதிராக மெல்ல இறங்குமாறு சருகுக்குத் தீயிடுவர். சுவாலை முழங்காலுக்கு மேல் எழாதவாறு பார்த்துக்கொள்வர். மாலையில், எரிந்த நிலத்தின் ஓரம் முழுவதையும் புறங்கையாற் தொட்டுப் பார்த்த பின்னரே மலையினின்று இறங்குவர்.